நிலை

தார்த்து நகரில் அதிகாலை மூன்று.
வெளியே எமயோகி ஆறு பாளமாய்க் கிடக்கிறது.
உள்ளே நான்கு சர்வர், நான்குக்கும் பொதுவாய் ஒரு வட்டு,
அதில் மீன்வளத் துறையின் ஒரு கோப்பு.

அளவு பூஜ்யம் என்கிறது முதல் சர்வர்.
நாற்பது கிலோபைட் என்கிறது நான்காவது.
பொய்யில்லை. அதனதன் நினைவில் இருப்பதை ஒப்பிக்கின்றன.
எழுதும் பூட்டு இரண்டாவதிடம்.
அது பேச்சுமூச்சற்றுக் கிடக்கிறது.

ஊர்மாஸ் போனில் கொட்டாவி விட்டான்:
"செத்ததா தூங்குகிறதா என்று ஆராயாதே, மாரிகா.
வேலி போடு."
வேலி என்றால் மின்சாரத்தைப் பிடுங்குவது.
பாதியில் விழித்து அது எழுதத் தொடங்கினால்
வட்டே நாசம்.

பிடுங்கினேன்.
அதன் ஜர்னலை மூன்றாவது பிரித்து வாசித்தது:
ஐம்பத்திரண்டு. கடைசியாய் மாறியது இரண்டு ஐம்பத்தொன்றுக்கு.
இப்போது யாரைக் கேட்டாலும் ஐம்பத்திரண்டு.
காப்பி ஆறியிருந்தது, குடித்தேன்.

லீஸ், என் வீட்டுக் கதவு நிலையில்
நூற்றுப் பதினெட்டு சென்டிமீட்டர்.
தார்வோ வீட்டு நிலையில் நூற்றிருபது.
வாரம் ஒரு வீடு, நீதிமன்ற உத்தரவு.
போன மாதம் இதற்கே ஒரு சண்டை,
யாருடைய டேப் சரி என்று.

ஞாயிறு மாலை பூட்ஸைக் கழற்றிவிட்டு நின்றாள்.
"அங்கே கம்பளி சாக்ஸோடு அளந்தோம்" என்றாள், நான் கேட்காமலே.
பென்சில் கோடு: நூற்றிருபதரை.
இரண்டு நிலையும் பழசு.

எண்ணை மட்டும் தார்வோவுக்கு அனுப்பினேன்.
நான்கு மணி நேரமாய்
ஒற்றை டிக்.