மழைக்கோட்டின் உள்பை

ஆண்டவரே,
கவர் கிடைத்த அன்றே சொல்லிவிட்டீர்.
மழைக்கோட்டின் உள்பையில், மடித்த மடிப்போடு
அறுப்பின் பண்டிகைப் பணம், நாலாயிரத்து இருநூறு.
கோயில்பிள்ளை இஸ்ரவேலு எடுத்தான் என்று
சபை நடுவே நான் எழுந்து சொன்ன அதே பணம்.

"போய்ச் சொல்" என்றீர்.
காணிக்கைப் பெட்டியில் போட்டேன், ஐந்நூறு கூட்டி.
நீர் எண்ணக்கூட இல்லை.

புயல் என்றேன்.
துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டை இறக்கியதும்
முழங்கால் வலி என்றேன்.
சபைப் பொருளாளர் போய்ப் பஞ்சர் கடை வாசலில் நிற்பதா
என்பதை மட்டும் ஜெபத்தில் சொல்லவில்லை.
உமக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும்.

நேற்று திருவிருந்தில்
கிண்ணம் என் வரிசைக்கு வருமுன்
எழுந்து வந்து செருப்பைத் தேடினேன்.
ஓ.டி.யில் பஸ் ஏறி, கெடிலம் பாலத்தில்
இறங்கிவிடலாம் என்று எழுந்தேன்.
"செம்மண்டலம் இன்னும் வரல, உக்காருங்க" என்றார் கண்டக்டர்.
அது நீர்தானா என்று கேட்கவில்லை.

இஸ்ரவேலு டியூபைத் தண்ணீரில் அழுத்திக்கொண்டிருந்தான்.
சொன்னேன்,
வண்டிக்குக் காத்திருந்த இருவர் முன்னால்,
'தெரியாமல்' என்ற சொல்லைச் சேர்க்காமல்.

அவன் நிமிரவில்லை.
குமிழி வந்த இடத்தில் விரலை வைத்தபடி
"எம்பொண்ணு அதோட ஞாயிறு பள்ளிக்குப் போவல" என்றான்.
மன்னித்தேன் என்று சொல்லவில்லை.
போ என்றும் சொல்லவில்லை.
பம்பைக் காட்டினான்.
மிதித்தேன், டயர் கல்லாகும்வரை.

வரும் ஞாயிறு
சபையிலும் எழுந்து சொல் என்கிறீர்.
கேட்கிறது.
இன்று முழங்கால் உண்மையாகவே வலிக்கிறது.