அனுபவத்தில்

தேவர்சோலைப் பக்கம் இறங்கிய இடி
என் கடை மதர்போர்டைத் தின்றுவிட்டது.
கூடலூரிலிருந்து வந்து ஷம்சீர்
வேறு போர்டு மாட்டினான்.

பெட்டியின் விலாவில் பாதி அழிந்த ஸ்டிக்கர்.
இருபத்தைந்து எழுத்துகளையும்
டார்ச் அடித்து ஒவ்வொன்றாய்ச் சொன்னேன்.
ஏற்கவில்லை.

"அது செத்த போர்டு பேர்ல இருந்ததுக்கா.
கூடவே போயிடுச்சு."
"காசு குடுத்துத்தானே வாங்கினேன்?"
"மெஷினை வாங்கினீங்க.
உள்ளே இருந்தது, உபயோகிக்க விட்டது."

வாட்ஸ்அப்பில் நானூற்றைம்பதுக்கு
ஓஇஎம் கீ ஒன்று வருமாம்.
எந்த ஆபீஸ் பெட்டியோடு பிறந்ததோ,
இதற்குள் எத்தனை பேருக்கு விற்றதோ.
"ஓடுமா?"
"ஓடும்."
"சட்டப்படி?"
ஸ்க்ரூவைப் பல்லில் கடித்துக்கொண்டு
மறுபடியும் "ஓடும்" என்றான்.

அவன் போனபின் நிபந்தனைகளைத் திறந்தேன்.
விற்கப்படவில்லை, உரிமம் மட்டுமே
என்றொரு வரி.
எனக்குப் பழக்கமான வரி.
கரண்ட் பில் என் பெயரில்,
வீட்டு வரி ரசீது என் பெயரில்,
கொல்லைக் காப்பி வருஷா வருஷம் பழுக்கிறது.
பட்டா இல்லை.
மாமாவிடம் ஒருத்தன் இருபதாயிரம் வாங்கிக்கொண்டு
அசலைப் போலவே ஒன்று கொடுத்தான்,
சீல் எல்லாம் வைத்து.
அதுவும் கொஞ்ச நாள் ஓடியது.

கீ வாங்கவில்லை.
நேர்மை என்று யாரும் சொல்ல வேண்டாம்.
ஒரு வீட்டுக்கு ஒரு பயம் போதும்.

திரையின் வலது மூலையில்
ஆக்டிவேட் செய்யச் சொல்லி
வெளிறிய எழுத்து, போகவே போகாது.
அதன் கீழே டைப் அடிக்கிறேன்,
இன்றைக்கு நான்காவது மனு:
ஐயா, மேற்படி நிலம்
நாற்பது ஆண்டுகளாக எங்கள் அனுபவத்தில்...

பக்கத்துக்கு இருபது ரூபாய்.
பிரிண்ட் தனி.