மூன்றாவது பேக்டிக்

சாஸ்கட்டூனில் மைனஸ் முப்பத்தொன்று.
தானிய உலர்த்திக்குக் கையேடு எழுதுகிறேன்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் வரிக்குக் கீழே
எல்லாம் சாம்பல் நிறம்.
தலைப்பு, பட்டியல், படக்குறிப்பு,
அத்தனையும் கோட் என்று
எடிட்டர் முடிவுகட்டிவிட்டது.

மூடித் திறந்தேன்.
மார்க்டவுன் மோடை அணைத்துப் போட்டேன்.
நீட்சிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.
சாம்பல்தான்.

பிறகு கோப்பில் பாதியை வெட்டினேன், அதில் பாதியை,
அதிலும் பாதியை.
மிஞ்சியது நாலு வரி:
ஒரு கோட் துண்டு,
அதை மூடவேண்டிய மூன்று பேக்டிக்.
இருக்கின்றனவே!
உருப்பெருக்கினேன்.
இரண்டுதான் பேக்டிக். மூன்றாவது
வளைந்த மேற்கோள் குறி.
தாராஸ் வேர்டிலிருந்து எடுத்து ஒட்டியது.

ஒற்று மிகுமா மிகாதா என்று
சாப்பாடு ஆறும்வரை சண்டைபிடிக்கும்
வீட்டில் பிறந்தவள் நான்.
என் கண்ணிலேயே படவில்லை.

திருத்தினேன். நிறங்கள் திரும்பின,
கூடவே, அவன் ஒட்டியதன் அடியில்
ஒரு சிவப்புப் பெட்டி:
விசிறி முழுதாக நிற்கும்வரை
மூடியைத் திறக்காதீர்கள்.

போன பதிப்பைப் புரட்டினேன்.
இந்த எச்சரிக்கையே அதில் இல்லை.
இவ்வளவு நாளும் என்ன செய்தீர்கள் என்றேன்.

தாராஸ் பதில் சொல்லவில்லை.
பட்டறைக்குக் கூட்டிப்போனான்.
லாரிக்குக் காத்திருந்த ஏழு இயந்திரங்களிலும்
மூடிமேல் கறுப்பு மார்க்கரில்
அவனுடைய கோணல் எழுத்து:
நில். முப்பது எண்ணு. பிறகு திற.

அந்த முப்பது
பெட்டிக்குள்ளும் இல்லை.

கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து
சேர்த்தேன்.