ஏழின் குறுக்கே ஒரு கோடு

செவ்வாய்ப்பேட்டையில்
நவ்ஷாத்தின் பழைய பேப்பர் கடைத் தராசுக்கு
எல்லாப் புத்தகமும் ஒன்றுதான்.
கிலோ முப்பது.

போக்கர் ஆட்டம் பற்றி ஒன்பது புத்தகங்கள்
ஒரே சணல் கட்டில் வந்திருந்தன.
"மொத்தமா எடுத்துக்கக்கா" என்றான்.
மொத்தமாக எடுப்பவள் இல்லை நான்.
பதினெட்டு வருஷமாய் ஆத்தூர் ரோட்டு சேகோ ஆலையில்
மாவைக் கிள்ளிப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள்.
கண்ணைப் பறிக்கும் வெள்ளை என்றால்
முதலில் ஆசிட்டைத்தான் சந்தேகப்படுவேன்.

அப்படித்தான் மேலே இருந்ததைத் தள்ளினேன்.
முந்நூறு பக்கம்,
எழுதியவர் ஒரு கைகூடத் தோற்கவில்லை.
அட்டையில் கறுப்புக் கண்ணாடி, பின்னால் பணம்.

இன்னொன்று முழுக்க அட்டவணை.
எதிரே உட்கார்ந்திருப்பவர் இருமுவார்,
மகளுக்கு இன்னும் ஃபீஸ் கட்டாதவர்
என்றெல்லாம் அதற்குத் தெரியாது.
ஆனாலும் கணக்கு சுத்தம். மடியில் வைத்துக்கொண்டேன்.
மற்றதில் நாலு, ஒரே புத்தகம்தான்,
சட்டை மட்டும் வேறு வேறு.

ஸ்கூட் பற்றி என்ன சொல்கிறது?
அதுதான் நான் வைக்கும் பரீட்சை.
நல்ல கையை வைத்து எவனும் ஆடுவான்.
நல்லதுபோல் இருக்கிற கையைக்
கவிழ்த்து வைத்துவிட்டு
டீ குடிக்க எழுந்து போவது எப்படி என்று
யாராவது எழுதியிருக்கிறார்களா?

ஒருவர் எழுதியிருந்தார், நாற்பது பக்கத்துக்கு.
அட்டை கிழிந்து பெயர் போயிருந்தது.
ஓரமெல்லாம் பென்சில்.

இது எனக்கு வராது.
சனிக்கிழமை, கழித்தல் 1,740.
மறுபடியும் அதே தப்பு. 2,700.

ஒவ்வொரு ஏழுக்கும் குறுக்கே
சின்னதாய் ஒரு கோடு.

அந்த ஏழை எனக்குத் தெரியும்.
ஆலை எடைமேடையில் தீர்த்தகிரி
லாரிச் சீட்டில் தினமும் போடுகிற ஏழு.

கட்டுக்குள் இன்னும் துழாவினேன்.
ஒரு மருந்துச் சீட்டு.
பாதியில் நின்றுபோன ஏலச்சீட்டுக்குப் பாஸ்புக்.
அவர் விற்றிருக்கமாட்டார்.
அவர் ஷிஃப்டில் இருந்த ஒரு பகலில்
வீட்டில் யாரோ கட்டித் தூக்கிப் போட்டிருக்கிறார்கள்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு மேல்
பென்சில் இல்லை.
புரிந்துவிட்டதா,
பணம் தீர்ந்துவிட்டதா?

இரண்டு புத்தகமும் சேர்ந்து எழுநூறு கிராம்.
இருபத்தோரு ரூபாய் கொடுத்தேன்.

சனிக்கிழமை ஏற்காட்டுக்குக் கடைசி பஸ்.
இருபது கொண்டை ஊசி வளைவும்
அவர் ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டு வந்தார்.
நான் இரண்டு சீட் தள்ளி,
என் கைப்பையில் அவருடைய நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

நாகலூரில் பின்டோவின் மிளகுக் கிடங்கு.
வறுத்த காப்பிக்கொட்டை நூறு, பச்சைக்கொட்டை பத்து.
ஃபிலோமினா சீட்டுப் போட்டாள்.
வெளியே மஞ்சு இறங்கி
ஜன்னல் இருந்த இடம் தெரியவில்லை.

பத்து மணி வாக்கில்
இருபது வறுத்த கொட்டையை
ஒரே தள்ளாய்த் தள்ளினார் தீர்த்தகிரி.

எழுபத்து நாலாம் பக்கம், இரண்டு அடிக்கோடு:
பயமாக இருந்தால் பெரிதாகத் தள்ளு.

என் கையில் ராணி ஜோடி.
அவர் கையில் ஒன்றுமில்லை,
அச்சடித்ததுபோல் தெரிகிறது.
நடுவில் ஏற்கெனவே என்னுடைய ஏழு கொட்டை.

"ஸ்கூட்."

இரக்கம் என்று நினைத்துவிட வேண்டாம்.
அந்தக் கையைப் பிடித்திருந்தால்
எனக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்திருப்பார்.
புத்தகம் எனக்கு
இன்னும் எத்தனையோ சனிக்கிழமைக்கு வேண்டும்.

கொட்டைகளை வாரும்போது ஒன்று
மேசைக்கடியில் உருண்டது.
குனிந்து எடுத்துக் கொடுத்தேன்.
அவர் உள்ளங்கை சில்லென்று நனைந்திருந்தது.

ஞாயிறு காலை வீட்டுக்கு வந்து
எழுபத்து நாலாம் பக்க ஓரத்தில்,
அவர் பென்சிலுக்குக் கீழே எழுதினேன்:
கழித்தல் 700.

ஏழுக்குக் கோடு போடலாமா என்று
யோசித்துக்கொண்டே தூங்கிப்போனேன்.