வலீலி

பலகையில் நீளமான ரோமப் பெயர்.
ஹம்மூ சொன்னது வலீலி.
என் காதில் முதலில் வலி என்றுதான் விழுந்தது.
தவறில்லை.
அவன் இடது கன்னம் வீங்கியிருந்தது,
பேச்சில் கிராம்பு மணத்தது.

நான் காப்பீட்டு நிறுவனத்தில் சேத மதிப்பீட்டாளன்.
தீப்பிடித்த கிடங்கு, வெள்ளம் புகுந்த அச்சகம்
என்று போய் நின்று எழுதுகிறவன்.
விடுமுறையிலும் கண் அடங்குவதில்லை.
கூரை: முழு இழப்பு.
சுவர்: இடுப்பளவு மிச்சம்.
தூண்களில் சிலவற்றில் இன்னும் குடியிருப்பு உண்டு,
செங்கால் நாரைகள்.
அலகைத் தட்டித் தட்டி
யாருக்கோ விண்ணப்பம் தட்டச்சு செய்துகொண்டிருந்தன.

முதல் வீட்டில் ஹம்மூ கால் மணி நேரம் பேசினான்.
ஆலிவ் நசுக்கிய கல், எண்ணெய் வடிந்த பள்ளம்,
கழுதை சுற்றிச் சுற்றித் தேய்த்த வட்டம்,
எந்தத் துறைமுகத்துக்குப் போனது,
அளவில் யார் ஏமாற்றினார்கள் என்பது வரை.
இரண்டாம் வீட்டில் ஐந்து நிமிடம்.
நீதிமன்றத்தில் ஒரே வாக்கியம்:
“இங்கே பொய் சொன்னார்கள்.”
வெற்றி வளைவின் கீழே
வெறும் விரல்.

வலி ஏற ஏற
ஊர் சுருங்கிக்கொண்டே வந்தது.

எதிர் மலையில் வெள்ளையாய் ஒரு ஊர்.
அங்கேதான் அவன் வீடு.
“எங்கள் வாசற்படி முன்பு இங்கே இருந்தது.
யாரோ ஒரு பாட்டன் கழுதை மேல் ஏற்றிப் போனான்.”
திருட்டா, இடமாற்றமா?
என் படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.

ஒரு வீட்டின் தரை. வேலி இல்லை, கூரை இல்லை.
புழுதி. சாம்பல் நிறக் கூழாங்கல் மாதிரி ஏதோ.
தாண்டிப் போயிருப்பேன்.
தண்ணீர் என்று கை நீட்டினான்.
வாய் கொப்பளிக்கத்தான் என்று புட்டியைக் கொடுத்தேன்.
தரையில் கவிழ்த்தான்.

கழுதை எழுந்தது.
முதலில் காது. பிறகு வயிற்றின் பழுப்பு.
அதன்மேல் வால் பக்கம் பார்த்து உட்கார்ந்த ஒருவன்,
கையில் பரிசுக் கோப்பை.
எதில் ஜெயித்தானோ,
வந்த வழியையே பார்த்துக்கொண்டு போகிறான்.

விசில்.
காவலாளி ஜில்லாலி ஓலைத் தொப்பியைப் பிடித்தபடி ஓடி வந்தார்.
ஊற்றக் கூடாது, கல் பெயர்ந்துவிடும்,
எத்தனை முறை சொல்வது.
ஹம்மூ பதிலுக்குக் கன்னத்தைக் காட்டினான்.
வாயைத் திறக்கச் சொல்லி
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு
உள்ளே எட்டிப் பார்த்தார் ஜில்லாலி,
சீட்டு வாங்கி வந்தவரைப் போல.
“பாதிதான் நிற்கிறது” என்றார்.

அதற்குள் கழுதைக்குக் காது காய்ந்துவிட்டது.

மெக்னெஸுக்கு ஆறு பேர் நெருக்கிய டாக்சி.
அவன் முனகலை மறைக்க
ஓட்டுநர் வானொலியைக் கூட்டினார்.
நான் ஏன் கூடப் போனேன் என்று தெரியவில்லை.
மீதி ஊர் அவன் வாய்க்குள் இருந்தது என்பதாலா?

மருத்துவமனைக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள்,
ஐந்தாவதன் கால் உடைசல், கம்பி கட்டியிருந்தது.
இத்தோ என்ற பெண் தரை துடைத்துக்கொண்டிருந்தாள்.
ஈரத்துணி போன இடமெல்லாம்
செங்கல் சிவப்பும் பாசிப்பச்சையுமாய்
கட்டங்கள் எழுந்து எழுந்து மங்கின.
காலைத் தூக்குங்கள் என்று கையால் சொன்னாள்.
தூக்கினேன்.
என் செருப்பில் இருந்த பழைய நகரத்தின் மண்
இரண்டு தடமாகக் கிடந்தது.
ஒரே இழுப்பு.

ஹம்மூ பஞ்சைக் கடித்தபடி வெளியே வந்தான்.
பேச முடியாது.
பையில் துழாவி
நான் கொடுத்த கூலியில் நாற்பது திர்ஹம் எடுத்து நீட்டினான்.
புரியவில்லை எனக்கு.
விரல்களை மடக்கி மடக்கிக் காட்டினான்:
கோயில், குளியல் கூடம், ரொட்டிக் கடை,
இன்னும் ஒரு வீடு.

வாங்கிக்கொண்டேன்.
கணக்கு சரியாகத்தான் இருந்தது.