காலி வண்டி

கோட்டையூரிலிருந்து திருச்சி ஏர்போர்ட்
எண்பத்தைந்து கிலோமீட்டர்.
"அங்கேருந்து சிங்கப்பூர் மூவாயிரம்ணே,
நாலே மணி நேரம்"
என்றாள் உண்ணாமலை.
பெட்டியை மூன்று தரம் எடைபோட்டவள்
கழுத்துத் தலையணையைப்
பின்சீட்டிலேயே மறந்து போனாள்.

திரும்புகையில் கீரனூரில் பஞ்சர்.
ஸ்டெப்னியிலும் காற்றில்லை.
ஒட்டுக்கடை திறக்க ஏழாகிவிட்டது.
டீ. இன்னொரு டீ.
தலைக்கு மேல் எதுவோ மினுக்கிக்கொண்டு போனது,
அவளுடையது இல்லை, அது எப்போதோ போயிருக்கும்.

திருமயம் கோட்டை தெரிகிறபோது
போன் அதிர்ந்தது:
"இறங்கிட்டேன். இங்கே மணி பதினொண்ணு.
நீங்க வீட்டுக்குப் போயாச்சா?"

என் வாட்ச்சில் எட்டரை.
ஊருக்கு இன்னும் இருபது கிலோமீட்டர்.
ஓரங்கட்டி,
'அப்பவே வந்துட்டேன்' என்று அனுப்பினேன்.
தலையணை
கண்ணாடியில் என்னையே பார்த்தது.