வலப்பக்கம்

மூன்றாம் முறை.
மின்சாரம் போயிருந்தது, விசிறி ஓடவில்லை,
ஆனாலும் சுற்றியது.
விசிறி, அது தொங்கும் கூரை,
கூரைக்கு மேல் குடியிருக்கும் ஷெட்யே வீட்டார்,
சயான் கோலிவாடா மொத்தமும்
என் கட்டிலை அச்சாக்கிச் சுற்றியது
முப்பது விநாடி.
எண்ணினேன்.
மருந்துக்கடையில் வேலை, எண்ணுவது கைப்பழக்கம்.

தாதரில் டாக்டர் பெட்னேகர்
என் தலையை வலம் திருப்பி
மேசை விளிம்புக்குக் கீழே தொங்கவிட்டு
இடம் உருட்டி, இன்னும் உருட்டி, நிமிர்த்தி உட்காரவைத்தார்,
பெட்டிக்குள் கோலியைக் குழிக்கு ஓட்டும்
பையனின் முகத்தோடு.
உள்ளே சுண்ணாம்புத் துகளாம்.
இருக்கும் இடம் விட்டு
வாய்க்காலில் இறங்கிவிட்டதாம்.
ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பார்கள்.
எனக்குக் காதில்.

"திரும்ப வருமா?"
"வரலாம்.
வந்தால் வாருங்கள்."
பேனாவை மூடாமலே சொன்னார்.
"தடுக்க நம் கையில் இருப்பது கொஞ்சம்தான்."
அந்தக் கொஞ்சத்தைச் சீட்டில் எழுதினார்.

ரத்தத்தில் வைட்டமின் டி பதினொன்று.
வெயிலுக்குப் பஞ்சமா பம்பாயில்?
பஞ்சம்தான்.
எதிரே இருபத்து மூன்று மாடி எழும்பிய பிறகு
எங்கள் ஜன்னலுக்கு வெயில்
பத்து நாற்பதுக்கு வந்து
பதினொன்றுக்குப் போய்விடுகிறது.
அந்நேரம் நான் வடாலாவில்
குழல்விளக்கின் கீழ் நின்று
வாரம் ஒன்று, பாலோடு, சாப்பாட்டுக்குப் பின்
என்று யாருக்காவது பொட்டலம் நீட்டிக்கொண்டிருப்பேன்.
இம்முறை எட்டுப் பொட்டலத்தில்
என் பெயரையே எழுதிக்கொண்டேன்:
தங்கபுஷ்பம், 49.

மேல்தட்டு இருமல் மருந்துகள்
தோள் உயரத்துக்கு இறங்கின.
உருண்டு விழுந்த ஐந்து ரூபாய்க்குக்கூட
முதுகு வளைக்காமல், முழங்கால் மடக்கி
மகாராணியைப் போல் இறங்கி எழுகிறேன்.
கேனியா சேட் சிரிக்கிறார்.

ஹார்பர் ரயில் ஆடுகிறது, நான் ஆடவில்லை.
அசையாத கட்டில்தான் என்னை ஆட்டியது.
எங்கள் நிலையத்துக்கு இந்தப் பக்கம் வடாலா,
அந்தப் பக்கம் சுனாபட்டி.
சுண்ணாம்புக் காளவாய் என்று அர்த்தம்.
இத்தனை வருஷம் உறைக்கவில்லை.

சீட்டின் கடைசி வரி:
ஒரு வாரம் வலப்பக்கம் படுக்க வேண்டாம்.

எங்கள் கட்டிலில் எனக்கு வலப்பக்கம் சுவர்.
இருபத்திரண்டு வருஷம்
சுவரைப் பார்த்தே தூங்கியிருக்கிறேன்.
முதலில் ஏதோ கோபம் இருந்தது.
எதற்கென்று மறந்துபோய்
பக்கம் மட்டும் நின்றுவிட்டது.
இடப்பக்கம் இவர்.
பெஸ்ட் டிப்போவில் நாள் முழுக்க டயர் கழற்றிவிட்டு
எனக்கு முதுகு காட்டிக் கைபேசி பார்ப்பவர்.

முதல் இரவு இவர் பிடரியைப் பார்த்தேன்.
நரைத்திருந்தது. எப்போது?
மறுநாள், காதுக்குப் பின்னால்
நாவிதர் விட்டுவிட்ட ஒரு கொத்து.
நான்காம் இரவு "மூச்சு படுது" என்றார்.
"டாக்டர் சொன்னது" என்றேன்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு கைபேசி அணைந்தது,
கட்டில் முனகியது,
இந்தப் பக்கம் திரும்பியிருந்தார்.
இருட்டில் இவ்வளவு பக்கத்தில்
என்ன செய்வதென்று இருவருக்கும் தெரியாமல்
பேச ஆரம்பித்தோம்:
தண்ணீர் பில், புளித்துப்போன மாவு,
புனேயிலிருந்து பேசவே பேசாத மகன்.

எட்டாவது பொட்டலமும் தீர்ந்துவிட்டது.
போன வியாழன் விடியலில் விழித்தபோது
என் கன்னம் சுவரில் இருந்தது.
வலப்பக்கம். எவ்வளவு நேரமாகவோ.
மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தேன்.
விசிறி சுற்றியது.
விசிறி மட்டும்.

இவர் எழுவதற்குள்
மெல்ல இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இன்னும் எத்தனை நாள் இப்படிப் படுக்கணும்?"
நேற்று கேட்டார்.
"டாக்டர் ஒன்றும் சொல்லவில்லையே" என்றேன்.
"சரி" என்று
தலையணையை என் பக்கம்
ஒரு சாண் நகர்த்திப் போட்டார்.